அக்காவைக் கேளுங்கள்: தூவி எது, இறகு எது?

மழைக்காலத்துத் துணி நாற்றத்தைப் பற்றிப் போன மாதம் எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதி கம்ஃபர்ட்டர் என்கிற, உள்ளே அடைத்துத் தைத்த போர்வையைப் பற்றித்தான். கேமரன் மலையில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் 22 வருடம் வேலை பார்த்தவள் என்று அதில் ஒரு வரி போட்டிருந்தேன். அந்த வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டீர்கள். சரி, இந்த மாதம் முழுக்க அதுவே இருக்கட்டும். கத்தரிக்காய்ச் செடிக்குப் பூச்சி மருந்து கேட்ட பீக்கம் தம்பி அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளவும்.

அக்கா, வணக்கம். என் மகள் செப்டம்பரில் எடின்பரோவுக்குப் படிக்கப் போகிறாள். அங்கே குளிர் எலும்பைத் துளைக்கும் என்கிறார்கள். நல்ல ‘டவுன்’ கம்ஃபர்ட்டர் ஒன்றை இங்கேயே வாங்கிக் கொடுத்து அனுப்பலாம் என்று இருக்கிறேன். கடையில் 150 வெள்ளியும் சொல்கிறார்கள், 2,000 வெள்ளியும் சொல்கிறார்கள். தொட்டுப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. எதை வைத்து நல்லது என்று கண்டுபிடிப்பது?
*வாசகி, தெலுக் இந்தான்*

தங்கச்சி, ஒரே மாதிரி இருக்காது. தொட்டுப் பார்க்க ஒரு விதம் இருக்கிறது. அதற்கு முன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நான் இருப்பது பீடோர். இந்த ஊர் வழியாகப் போகிறவர்கள் காரை நிறுத்தி வாத்து மீ சாப்பிடாமல் போவதில்லை. சின்ன வயதில் எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு சீனர் வாத்து வளர்த்தார். அறுத்த வாத்தை வெந்நீரில் முக்கிப் பிடுங்கும்போது முதலில் வருவது நீளமான இறகு. நடுவில் ஒரு தண்டு, இரண்டு பக்கமும் மயிர். அதையெல்லாம் பிடுங்கிய பிறகு நெஞ்சிலும் அடிவயிற்றிலும் தோலோடு ஒட்டிக்கொண்டு ஒரு பஞ்சு இருக்கும். அதற்குத் தண்டு கிடையாது. காற்றில் விட்டால் கீழே விழ மனசில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதுதான் டவுன். தமிழில் அதற்குத் தூவி என்று நல்ல பெயர் இருக்கிறது. அரசியின் கட்டிலில் அன்னத்தின் தூவியைப் பரப்பினார்கள் என்று பழைய பாட்டில் வருகிறதே, அதே தூவிதான்.

தூவி சூடு தராது. காற்றைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் உடம்புச் சூட்டை அந்தக் காற்று வெளியே விடாது. எவ்வளவு உப்பி நிற்கிறதோ அவ்வளவு காற்று, அவ்வளவு கதகதப்பு. இறகு அந்த அளவுக்கு உப்பாது, கனமாகவும் இருக்கும், நாளாக ஆகத் தண்டு துணியைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். ஆகவே லேபிளில் முதலில் தேட வேண்டியது எத்தனை சதவீதம் தூவி, எத்தனை சதவீதம் இறகு என்பதை. 90க்கு 10 என்றால் உயர்ந்த ரகம். 70க்கு 30 என்றால் பரவாயில்லை. ‘ஃபெதர் அண்ட் டவுன்’ என்று இறகின் பெயர் முன்னால் வந்தால், பெரும்பாலும் உள்ளே அதுதான் அதிகம். சதவீதமே போடாமல் தங்க எழுத்தில் ‘லக்சுரி’ என்று மட்டும் போட்டிருந்தால் நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

அடுத்தது ‘ஃபில் பவர்’ என்ற எண். கடைக்காரர்கள் மார்க் மாதிரி இதைச் சொல்லி மிரட்டுவார்கள். விஷயம் சின்னது. ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் தூவி, உப்பி நிற்கும்போது எத்தனை கன அங்குலம் இடம் பிடிக்கிறது என்பதுதான் அந்த எண். 600 என்றால் கிட்டத்தட்ட 10 லிட்டர். நம் வீட்டுப் பத்து லிட்டர் வாளியை 28 கிராம் தூவி நிரப்பிவிடும்! 800 என்றால் 13 லிட்டர். முதல் முதலில் இதைக் கேட்டபோது நான் நம்பவில்லை. ஒருநாள் ஹோட்டலில் கிழிந்த கம்ஃபர்ட்டர் ஒன்றிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தராசில் போட்டேன். முள் அசையவே இல்லை.

600க்கு மேல் இருந்தால் நல்லது, 700க்கு மேல் மிக நல்லது. ஆனால் எண் பெரிது என்றால் போர்வை சூடு என்று அர்த்தமில்லை. உள்ளே எத்தனை கிராம் போட்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 800 போட்டுவிட்டு 200 கிராமோடு நிறுத்தினால் அது லேசான போர்வை. 600 தூவியை ஒரு கிலோ அடைத்தால் நல்ல குளிருக்குத் தாங்கும். இரண்டு எண்ணையும் கேளுங்கள். ஒன்றை மட்டும் சொல்கிற கடைக்காரர் மற்றதை மறைக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தையலையும் பாருங்கள். மேல் துணியையும் கீழ்த் துணியையும் நேராகச் சேர்த்துத் தைத்திருந்தால், தையல் ஓடுகிற கோட்டில் தூவியே இருக்காது. அந்தக் கோடு வழியாகக் குளிர் இறங்கும். குளிர் நாட்டுக்கு வேண்டியது, உள்ளே சின்னத் துணிச் சுவர்கள் வைத்துப் பெட்டி பெட்டியாகத் தைத்தது. கட்டத்தின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் இழுத்தால் நடுவில் அந்தச் சுவர் தட்டுப்படும்.

இனி தொடுகிற விதம். உள்ளங்கையைத் தட்டையாக வைத்து நடுவில் அழுத்தி எடுங்கள். நல்ல தூவி என்றால் கை பதிந்த பள்ளம் மெல்ல மெல்ல நிரம்பி மேலே வரும். பாலியெஸ்டர் சட்டென்று துள்ளும். மட்டமான இறகு பள்ளமாகவே கிடக்கும். பிறகு ஒரு மூலையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பீடி உருட்டுகிற மாதிரி உருட்டுங்கள். குச்சி குச்சியாகத் தட்டினால் இறகு. கடைசியாக, காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தேயுங்கள். கடலைப் பொட்டலம் மாதிரி சரசரத்தால் மேல் துணி முரட்டுத்தனம், ராத்திரி புரளும்போதெல்லாம் சத்தம் போடும். மேல் துணி நெருக்கமாக நெய்த பருத்தியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூவி வெளியே வரும். அதற்காகத் ‘திரெட் கவுண்ட்’ 1,000 என்று சொல்வதையெல்லாம் நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். 300, 400 இருந்தாலே தாராளம்.

கையில் தொடாமல் வாங்கி நானும் ஒரு தடவை ஏமாந்தேன். அண்ணன் மகளுக்குக் கல்யாணச் சீர் என்று ஃபோனிலேயே ஆர்டர் போட்டு, நூறு சதவீதம் வாத்துத் தூவி என்று ஒன்று வந்தது. தூக்கியதுமே கனம் சொல்லிவிட்டது. ஓரத்துத் தையலை இரண்டு அங்குலம் பிரித்துப் பார்த்தால், கோழித் தீவனம் மாதிரி நறுக்கிய இறகுத் துண்டு. விற்றவன் அதற்குள் கடையின் பெயரையே மாற்றிவிட்டிருந்தான். அண்ணிக்கு இன்னும் அந்தக் கதை தெரியாது. இந்தப் பக்கத்தை அவர் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மகளுக்கு இங்கே வாங்காதீர்கள். பெட்டியில் பாதியை அது பிடித்துக்கொள்ளும். அமுக்கிக் காற்றை உறிஞ்சி அனுப்பலாம்தான், ஆனால் அளவு பொருந்தாமல் போகும். பிரிட்டனில் ஒற்றைக் கட்டில் போர்வை 135க்கு 200 சென்டிமீட்டர். உறையும் அதே அளவில்தான் கிடைக்கும். அங்கே அதை ‘டூவே’ என்பார்கள். கதகதப்புக்கு ‘டோக்’ என்று ஒரு கணக்கு உண்டு. 4.5 கோடைக்கு, 10.5 வருடம் முழுக்க, 13.5 கடும் குளிருக்கு. மாணவர் விடுதியில் ஹீட்டர் இருந்தால் 10.5 போதும். போய் இறங்கிய வாரமே வாங்கிக்கொள்ளச் சொல்லிக் காசாகக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பெட்டி இடத்தில் இரண்டு கிலோ மிளகாய்த் தூளும் நெத்திலிச் சம்பலும் வையுங்கள். உங்களை அதற்காகத்தான் வாழ்த்துவாள்.

ஐயா/அம்மா, நாங்கள் மூன்று தலைமுறையாகச் சைவம். மருமகள் புது வீட்டுக்கு வாத்துத் தூவிப் போர்வை வாங்கி வந்திருக்கிறாள். அதில் படுப்பது தோஷமா? பறவையை உயிரோடு பிடுங்குகிறார்களாமே, உண்மையா?
*வாசகர், சுங்கை சிப்புட்*

அம்மாதான் ஐயா. தோஷம் பற்றிச் சொல்ல நான் ஆள் இல்லை, கோயில் குருக்களைக் கேளுங்கள். சரக்கைப் பற்றிச் சொல்கிறேன்.

பெரும்பாலான தூவி, இறைச்சிக்காக அறுத்த வாத்திலிருந்தும் ‘கூஸ்’ என்கிற பெரிய வாத்திலிருந்தும் கிடைப்பது. உலகத்திலேயே அதிகம் உற்பத்தி செய்கிற நாடு சீனா. உயிரோடு பிடுங்குகிற கொடுமை சில இடங்களில் நடந்தது உண்மைதான். அது கூடாது, வாயில் குழாய் வைத்துத் தீவனம் திணிப்பதும் கூடாது என்று 2014இல் ஒரு சான்று முறை வந்தது. ‘ரெஸ்பான்சிபிள் டவுன் ஸ்டாண்டர்ட்’, சுருக்கமாக ஆர்.டி.எஸ். லேபிளில் அது இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அந்தச் சான்று இருந்தாலும் வாத்து செத்ததுதான். அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை.

அறுக்காமல் எடுக்கிற தூவி ஒன்று இருக்கிறது. ஐஸ்லாந்தில் ஈடர் என்று ஒரு கடல் வாத்து, தன் நெஞ்சுத் தூவியைத் தானே உதிர்த்துக் கூட்டில் மெத்தை போட்டு முட்டை வைக்கும். அதைக் கூட்டிலிருந்து கையால் எடுத்துச் சுத்தம் செய்கிறார்கள். விலையைக் கேட்டால் உங்களுக்கு வியர்க்கும், பிறகு போர்வையே தேவைப்படாது.

மனசு ஒப்பவில்லை என்றால் பஞ்சுப் போர்வை போதும் ஐயா. பட்டு அடைத்தது வேண்டாம். அது லேசாக, அருமையாக இருக்கும், ஆனால் பட்டுப்புழுவை என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மருமகளிடம் கோபப்படாமல் சொல்லுங்கள். ஆசையாக வாங்கி வந்த பிள்ளை.

அக்கா, என் வீட்டுக்காரர் ஏர்கோனை 18இல் வைத்துவிட்டு என் போர்வையையும் இழுத்துக்கொள்கிறார். எனக்குக் குளிர், அவருக்கு வியர்வை. கம்ஃபர்ட்டர் வாங்கினால் தீருமா?
*வாசகி, தாப்பா*

தீராது. இரண்டு வாங்கினால் தீரும். ஜெர்மனியில் புருஷன் பெண்டாட்டி ஒரே கட்டிலில் ஆளுக்கொரு போர்வையோடு படுப்பது சாதாரணம். ஹோட்டலுக்கு வருகிற ஜெர்மன்காரர்கள் கேட்டு வாங்குவார்கள், ஆரம்பத்தில் சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

உங்களுக்கு ஒற்றை அளவில் 200, 300 கிராம் தூவி போட்ட மெல்லிய ரகம் போதும். நேர்த் தையலே நல்லது, கொஞ்சம் காற்றோட்டம் இருக்கும். தெலுக் இந்தான் தங்கச்சிக்கு வேண்டாம் என்றேனே, அதே தையல் உங்களுக்குச் சரி. கேமரன் மலையில் தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரம், ராத்திரி 16, 17 டிகிரிக்கு இறங்கும். அங்கேயே நாங்கள் நடுத்தரப் போர்வைதான் போட்டோம். தாப்பா வெயிலில் குளிர்காலப் போர்வையை வாங்கிவிட்டு அதற்காக ஏர்கோனை இன்னும் இறக்குகிறவர்களை எனக்குத் தெரியும். மின்சாரக் கட்டணம் வந்ததும் அவர்கள்தான் எனக்கு ஃபோன் பண்ணுவார்கள்.

அவருக்கு ஒரு பருத்திக் கைலி போதும் என்று சொல்லுங்கள்.

கேமரன் போனபோது மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய தூவிப் போர்வையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். இரண்டு நாள் வெயில் வாங்கியும் ஈர நாய் மாதிரி வாடை. தூக்கிப் போடவா?
*வாசகி, காம்பார்*

போடாதீர்கள். அது இன்னும் காயவில்லை, அவ்வளவுதான். மேல் துணி காய்ந்துவிடும், உள்ளே தூவி கட்டிக் கட்டியாக ஈரத்தை வைத்துக்கொண்டிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கறுப்புக் கறுப்பாக உருண்டை தெரிகிறதா? அதெல்லாம் ஈரம்.

இந்தப் பாடத்தை நான் சும்மா கற்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த வருடம் டிசம்பர், விடாத மழை, ஹோட்டல் நிறைய ஆட்கள். ஆறு கம்ஃபர்ட்டரை டிரையரில் ஒரு மணி நேரம் ஓட்டினேன், தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. சூட்டைக் காய்ந்தது என்று நினைத்துவிட்டேன். பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியில் அடுக்கினேன். பத்து நாள் கழித்து மேற்பார்வை அம்மா திறந்தார். எனக்கு முன்னால் வாடை வந்து நின்றது. ஆறிலும் கறும்புள்ளி. அவர் திட்டவில்லை. ஒன்றைப் பிரித்து ஒரு பிடித் தூவியை என் கையில் வைத்து, “இது உனக்குக் காய்ந்த மாதிரி இருக்கா?” என்று கேட்டார். நனைந்த பூனைக்குட்டி மாதிரி கையில் சுருண்டு கிடந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பக்கத்தில் சுயசேவை டோபி இருக்குமே, அங்கே பெரிய டிரையர் பார்த்துப் போடுங்கள். குறைந்த சூடு. மூன்று டென்னிஸ் பந்தைச் சுத்தமான காலுறைக்குள் முடிந்து கூடவே போடுங்கள், அது அடித்து அடித்துக் கட்டியை உடைக்கும். அரை மணிக்கு ஒரு தடவை வெளியே எடுத்து உதறி, கட்டி இருக்கிற இடத்தைக் கையால் பிரித்துவிடுங்கள். மூன்று மணி நேரம் ஆகலாம், சில்லறை நிறைய வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்ததும் முழுசாக ஆறவிட்டுத் திரும்பத் தொட்டுப் பாருங்கள். சூட்டோடு தொட்டால் என்னை மாதிரிதான் ஏமாறுவீர்கள்.

அடுத்த முறை துவைக்கும்போது சோப்பு கால் பங்கு போதும். துணி மிருதுவாக்குகிற வாசனைத் திரவம் வேண்டவே வேண்டாம், அது தூவியில் படிந்து உப்ப விடாது. குளோராக்ஸ் பக்கமும் போகாதீர்கள். உண்மையில் அடிக்கடி துவைக்கவே தேவையில்லை. உறையை வாரம் ஒரு தடவை கழற்றித் துவையுங்கள், போர்வையை வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை, அதுவும் மழை இல்லாத மாதமாகப் பார்த்து. எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக்கில் கட்டாமல் பழைய பருத்திச் சேலையில் சுற்றி வையுங்கள்.

மூன்று வயதுப் பேரன் தூவிப் போர்வையில் படுத்தால் தும்முகிறான். இறகு ஒத்துக்கொள்ளவில்லையா?
*வாசகி, ஈப்போ*

இறகாக இருக்கலாம். பல வீடுகளில் குற்றவாளி தூசிப் பூச்சி. கண்ணுக்குத் தெரியாது, ஈரப்பதமான நம் ஊர் அதற்குச் சொர்க்கம், தலையணை மெத்தை எல்லாவற்றிலும் குடியிருக்கும். உறையையும் படுக்கை விரிப்பையும் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் சாகும். பத்து நாள் அந்தப் போர்வையைத் தள்ளி வைத்துப் பாருங்கள். அப்போதும் தும்மினால் போர்வை மேல் பழி போடாதீர்கள். மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டால் என் பதிலுக்குக் காத்திருக்காமல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

பாட்டி வைத்துவிட்டுப் போன கெக்காபுத் தலையணை இரண்டு இருக்கிறது. கல் மாதிரி ஆகிவிட்டது. தூவித் தலையணை வாங்கலாம் என்று மகன் சொல்கிறான். எனக்கு மனசு வரவில்லை.
*வாசகி, பீடோர்*

நம் ஊர்க்காரி! நீங்கள் எந்தத் தோட்டம் என்று எழுதியிருக்கக் கூடாதா?

கெக்காபு என்பது இலவம்பஞ்சு வகைதான். அந்த இழை ஒவ்வொன்றும் உள்ளே குழாய் மாதிரி வெற்றாக, காற்றோடு இருக்கும், மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீர் ஒட்டாது என்பதால் அந்தக் காலத்தில் கப்பல்காரர்களின் மிதவைச் சட்டைக்கே அதைத்தான் அடைத்தார்கள். காற்றைப் பிடித்து வைப்பதில் தூவிக்குச் சொந்தக்காரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே குறை, நசுங்கினால் தூவி மாதிரி திரும்ப எழாது. துவைக்கவும் முடியாது.

எங்கள் லயத்து முனையில் ஒரு மரம் இருந்தது. காய் வெடித்தால் பால் வெட்டப் போகிற ஆட்கள் தலையெல்லாம் வெள்ளை. பாட்டி கொசுவலையைக் கட்டி, அதற்குள் ஒரு கூடையோடு உட்கார்ந்து கொட்டை நீக்குவார், பஞ்சு பறந்து போகாமல் இருக்க. பேரப் பிள்ளைகள் வலைக்கு வெளியே நின்று மூக்கை அழுத்திக்கொண்டு பார்ப்போம். வெளியே வரும்போது பாட்டிக்குப் புருவமும் வெள்ளையாக இருக்கும். இலவு காத்த கிளி ஏமாந்தது என்கிறார்கள், எங்கள் வீட்டில் அதை நம்பி ஒன்பது தலை தூங்கியது.

தலையணையைப் பிரியுங்கள். வெயில் நன்றாக இருக்கிற நாளில் பழைய கொசுவலைக்குள் பஞ்சைப் போட்டு வாயைக் கட்டி, காய வைத்து, கையால் உதிர்த்துவிடுங்கள். பொடியாகப் போனதைத் தள்ளிவிடுங்கள், இரண்டு தலையணையில் ஒன்றுக்காவது தேறும். குறைந்தால் கம்பத்துப் பக்கம் மரம் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். புது உறை கெட்டித் துணியில், இரட்டைத் தையலாகப் போடுங்கள். மகன் தனக்குத் தூவித் தலையணை வாங்கிக்கொள்ளட்டும்.

என்னிடமும் பாட்டியுடையது ஒன்று பாக்கி. போன வருடம் இதே மாதிரி பிரித்து அடைத்தேன். எப்படியோ ஒரு கொட்டை உள்ளே தங்கிவிட்டது. இடது பக்கம் திரும்பிப் படுத்தால் காதில் உறுத்துகிறது, வலது பக்கமாகவே படுத்துக்கொள்கிறேன்.